வீட்டுப் பின்மேட்டில் மண் இளகினால்: பினாங்குவாசிகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா, தெலுக் பஹாங் என்று எந்தப் பக்கம் போனாலும் பின்னால் ஒரு மேடு நிற்காத தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, குறைவு. செப்டம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, பின்னாடி மண்ணு கொட்டுது. சிமெண்டு பூசிடலாமா?"

சரிவுகளையும் கால்வாய்களையும் பழுதுபார்க்கிற வேலை என்னுடையது. சிமெண்டைப் பற்றி நான் வாயே திறக்காமல் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைக்காதவரை ஒரு பை சிமெண்டு வாங்கினாலும் வீண் செலவு. கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். சலிப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரச் சரிவுகளுக்கு வீட்டுக்காரர் தானே பார்த்துச் செய்யக்கூடிய வேலைகள். அதற்கு மேற்பட்ட மேடுகளுக்கு இதை வைத்து அறிகுறியைக் கண்டுபிடிக்கலாம். மருந்து கொடுப்பது பொறியாளர் வேலை.

இதைப் படிக்காமல் வெளியேற வேண்டிய நேரம்

மழை பெய்துகொண்டிருக்கும்போதே மேட்டில் புது விரிசல் கண்ணுக்குத் தெரிந்து அகலமாகிறது. அடியில் கசிந்துகொண்டிருந்த தெளிந்த தண்ணீர் திடீரென்று சேறாக வருகிறது, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நின்றுவிடுகிறது. மரவேர் அறுபடும் சத்தம், கல் உருளும் சத்தம் கேட்கிறது. நேற்றுவரை சரியாக மூடிய பின்கதவு இன்று சட்டத்தில் இடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போங்கள், 999-ஐ அழையுங்கள். நின்றுபோன ஊற்றைப் பார்த்து நல்லதாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. வழி அடைபட்ட தண்ணீர் மண்ணுக்குள் ஏறிக்கொண்டிருக்கலாம்; அது நல்ல சகுனம் இல்லை.

நம்முடைய மண் எப்படிப்பட்டது

பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல் மலை. தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறவர்கள் வழிநெடுக அந்தப் பாறைகளைப் பார்த்திருப்பார்கள். இந்தக் கல் பல லட்சம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் மக்கிப்போய் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்த செம்மண்ணாகிவிட்டது. இடையிடையே மக்காத உருண்டைப் பாறைகள் அப்படியே புதைந்து கிடக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் உலு கிளாங், புக்கிட் அந்தாராபங்சா மேடுகளும் ஏறத்தாழ இதே இனம்தான்.

காய்ந்த நாளில் இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பத்து பெராங்கி கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீடு ஈரமணலில் நிற்கும், அலை வந்து முழுக்க நனைத்ததும் கரையும், இல்லையா? அதே கதைதான். துகள்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய ஈரம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பினால் அந்தப் பிடி போய்விடுகிறது, மண்ணின் எடையும் கூடுகிறது. ஒருநாள் கொட்டித் தீர்க்கிற மழையைவிட, நாலைந்து நாள் விட்டு விட்டுப் பெய்து மண்ணை ஊறவைத்த பிறகு வருகிற சாதாரண மழை அதிக ஆபத்து. வானம் வெளுத்துவிட்டது என்று உடனே நிம்மதி அடையவும் முடியாது; உள்ளே இறங்கிய தண்ணீர் அடிக்கு வந்து சேர நேரம் எடுக்கும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு லோங்காங்கில் (வீட்டோரக் கால்வாயில்) சிவப்புச் சேறு, மேட்டில் புல் உரிந்து மண் தெரிகிறது

மேல்தோல் மட்டும் அரிபடுகிறது என்று அர்த்தம். மழைத்துளி வெறும் மண்ணை அடித்து உடைக்கிறது, வழிகிற தண்ணீர் அதை வாரிக்கொண்டு போகிறது. இந்தப் பட்டியலில் நீங்களே மிக எளிதாக, முழுமையாகச் சரிசெய்யக்கூடியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளர்ந்த மண்ணை முதலில் மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மேலே தொங்கிக்கொண்டு நிற்கும் விளிம்பைச் சரித்து மழுங்கவையுங்கள். பிறகு தேங்காய் நார் விரிப்பு. சரிவின் தலைப்பில் ஒரு சாண் ஆழம் கீறி, விரிப்பின் முனையை அதற்குள் மடித்துப் புதைத்து மண் தள்ளி மிதிக்க வேண்டும். இந்தப் புதைப்பை விட்டுவிட்டால் தண்ணீர் விரிப்புக்கு அடியில் புகுந்துவிடும். விரிப்பு மேலே அழகாகக் கிடக்க, உள்ளே மண் போய்க்கொண்டே இருக்கும். மேலிருந்து கீழாக விரித்து, ஒன்றின் மேல் ஒன்று நான்கு விரல் அகலமாவது படியும்படி வைத்து, வளைத்த கம்பி ஊசிகளால் குத்தி மண்ணோடு ஒட்டவையுங்கள். எங்கேயாவது விரிப்பு மண்ணைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேலை செய்யாது.

விரிப்பு ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும். அதற்குள் செடி பிடித்துவிட வேண்டும். மாட்டுப்புல் பத்தைகளைப் பதித்தால் தோல் மூடும், ஆனால் வேர் மேலோடு நின்றுவிடும். அடிவரைக்கும் பிடிக்க வேண்டுமென்றால் வெட்டிவேர். ஊரில் பானைத் தண்ணீரில் போடுவார்களே, அதேதான். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 2 மீட்டருக்குக் குறையாது, 3 மீட்டரையும் தொடும். வேரின் இழுவலிமையை அளந்தவர்கள் சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்கிறார்கள். சாதாரண இரும்புக் கம்பியில் ஆறில் ஒரு பங்கு. முற்றி விதை விழுந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் முளைக்குமோ என்ற பயமும் வேண்டாம். சரிவில் நடுகிற இனம் விதை பிடிப்பதில்லை.

நடுகிற முறையில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அழகுச் செடி மாதிரி இங்கொன்று அங்கொன்றாக நட்டால் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே மட்டமான கோடு போட்டு, அந்தக் கோட்டில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். ஒளி ஊடுருவும் சிறிய குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது போதும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் செங்குத்து உயரம் 1 மீட்டர். மூன்று நான்கு மாதத்தில் வரிசைகள் மூடி வேலியாகும்; வழிந்து வரும் சேறு அங்கே தங்கி, தண்ணீர் மட்டும் வடிந்து இறங்கும். முதல் ஆறு வாரம் மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே, மே, ஜூன் வாக்கில் நட்டுவிடுவது புத்திசாலித்தனம். நிழல் இதற்கு ஆகாது; மேலே பெரிய மரம் கவிந்திருந்தால் வெட்டிவேர் சோர்ந்து செத்துவிடும். அங்கே நிழல் தாங்கும் உள்ளூர்ப் பெரணிச் செடிகள், படரும் செடிகள் என்று போக வேண்டியதுதான்.

வெட்டிவேரைப் பற்றி இணையத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் மருந்து என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் நடக்கும் சரிவைத்தான் அது தடுக்கும். வேருக்கும் கீழே ஐந்து மீட்டர் ஆழத்தில் மண் நகர்ந்தால் வெட்டிவேர் வரிசையும் சேர்ந்தே இறங்கும்.

வாழை, பப்பாளி நட்டு மேட்டைப் பிடித்துவைக்கலாம் என்பது நம் ஆட்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. குலை நன்றாகத்தான் தள்ளும். ஆனால் வேர் ஆழம் போகாது, தண்டு முழுக்கத் தண்ணீர்ப் பாரம், அடியில் கிளறிய மண் மழையைக் குடிக்கும். மட்டமான இடத்தில் வையுங்கள், சரிவில் வேண்டாம்.

அறிகுறி: சரிவில் கோடு கோடாக அரித்து, ஒரு கோடு மட்டும் வாய்க்கால் மாதிரி ஆழமாகிறது

பரவலாக வழியாமல் ஒரே இடத்தில் தண்ணீர் சேர்ந்து விழுகிறது. அந்த ஆழமான கோட்டின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். பத்துக்கு எட்டு தடவை ஒரு குழாயில் போய் முடியும்.

பாயா தெருபோங்கில் ஒரு வீடு. மழை இல்லாமல் தரையெல்லாம் புழுதியாக இருந்த சமயம். மேட்டில் ஒரு கோடு மட்டும் கருஞ்சிவப்பாக, பளபளவென்று ஈரமாக இருந்தது.

"அக்கா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மழைத் தண்ணிதான் தம்பி."

"மழ விட்டு ஒரு வாரம் ஆச்சே அக்கா."

குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தேன், சவர்க்கார வாசனை. மேல் வரிசை வீட்டின் சலவை இயந்திரக் குழாய் வேலிக்கு அடியில் வந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மூட்டு, ஐந்தாறு மீட்டர் பிவிசி குழாய், மேல்வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல வார்த்தை, முடிந்தது. சிமெண்டு பூசியிருந்தால் அந்தத் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கி, யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்திருக்கும்.

கூரைத் தண்ணீர்தான் இதில் பெரிய குற்றவாளி. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர், அதாவது 5 டன். அதை ஒரே குழாய் மேட்டின் விளிம்பில் கொட்டினால் எந்த மண் தாங்கும்? குழாயை நீட்டி சிமெண்டுக் கால்வாய்வரை கொண்டுபோங்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் மண்ணைத் தொடாமல் கால்வாய்க்குள் விழ வேண்டும். சரிவு வழியாகத்தான் இறக்கியாக வேண்டும் என்றால் படிப்படியாகக் கட்டிய சிமெண்டுக் கால்வாய் போடுங்கள். படியில் விழுந்து விழுந்து தண்ணீரின் வேகம் அடங்கும்.

ஏற்கெனவே அரித்த பள்ளத்தில் செங்கல் உடைசலும் ஓட்டுச் சில்லும் கொட்டி மூடுவது வழக்கம். தண்ணீர் இடுக்கில் புகுந்து அடியை அரித்து, கொஞ்ச நாளில் எல்லாம் சேர்ந்து லோங்காங்கை அடைக்கும். முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். பள்ளத்தின் குறுக்கே கல்லோ மரக்கட்டையோ வைத்துச் சின்னச் சின்ன அணை போட்டுச் சேறு தங்கவிட்டு, அதில் வெட்டிவேர் நடுங்கள்.

அறிகுறி: மழையே இல்லாத நாளிலும் ஓர் இடம் ஈரமாக இருக்கிறது

மேலே சொன்னதற்கு இது தம்பி. வரிசையாகச் சோதியுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதிவையுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் மண்ணுக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது. கழிவுநீர்க் குழாய் மேல் சந்தேகம் என்றால் கழிப்பறையில் சாப்பாட்டுச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஈர இடத்தில் நிறம் வருகிறதா என்று ஓரிரு நாள் கவனியுங்கள்.

மேட்டின் தலைப்பில் ஓடும் சிமெண்டுக் கால்வாயைச் சோதிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரு முனையையும் மணல் மூட்டையால் அடைத்து, நடுவில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறியிட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் விறுவிறுவென்று இறங்கினால் அந்தக் கால்வாய் மழைநீரை வெளியே கொண்டுபோகவில்லை, சேர்த்துக் கொண்டுவந்து மேட்டின் வயிற்றுக்குள் ஊட்டுகிறது. கால்வாயே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம். விரிசலைக் கொத்தி அகலமாக்கி, சுத்தம் செய்து, சிமெண்டுச் சாந்தால் அடையுங்கள். இலை குவிந்து கால்வாய் நிரம்பி வழிவதும் இதே விளைவைத்தான் தரும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வாருங்கள்.

1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அங்கேயும் அடிப்படையில் இருந்தது தண்ணீர்தான். மலையிலிருந்து இறங்கிய ஓடையைக் குழாயில் பிடித்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த சரிவின் குறுக்கே திருப்பியிருந்தார்கள். வடிகால் போதவில்லை, பராமரிப்பும் இல்லை. நாள்கணக்கில் பெய்த மழையில் பின்மேடு ஊறி, தடுப்புச் சுவர்கள் விழுந்து, நகர்ந்த மண் கட்டடத்தின் அடித்தூண்களையே தள்ளிவிட்டது.

அறிகுறி: தடுப்புச் சுவர் வயிறு தள்ளுகிறது, சாய்கிறது, அல்லது மழையிலும் வடிகுழாயில் ஒரு சொட்டும் வரவில்லை

தடுப்புச் சுவரில் வரிசையாகப் பிவிசி குழாய்கள் எட்டிப்பார்க்குமே, அவைதான் சுவரின் உயிர். நல்ல மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் சொட்டினால் சுவர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். "அசிங்கமா ஒழுகுது" என்று சிலர் சிமெண்டால் அடைத்து வண்ணம் பூசிவிடுகிறார்கள். 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முட்ட நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 2 டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளுதல் தனிக் கணக்கு. சுவர் 4 மீட்டர் என்றால் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு, 8 டன்.

அடைபட்ட குழாயில் ஒரு நீளக் கம்பியை மெதுவாக விட்டுக் கிளறுங்கள், தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சுங்கள். முதலில் கறுப்புச் சேறு வரும், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். அப்படி வந்தால் வெற்றி. கலங்கல் நிற்காமல் செம்மண்ணாகவே வந்துகொண்டிருந்தால் பின்னால் வடிகட்டும் சரளையோ துணியோ இல்லை; சுவருக்குப் பின்னிருக்கும் மண்ணே வெளியேறிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி ஆள் கூப்பிடுங்கள். இல்லையென்றால் சுவருக்குப் பின்னால் தரை உள்வாங்கும்.

குழாயே வைக்காத சுவர்களும் இருக்கின்றன, அதுவும் வீட்டுக்காரரே கொத்தனாரை வைத்துக் கட்டிய சுவர்கள். அதில் துளையிட்டு 75 மி.மீ. குழாய் செருகலாம், சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, கீழ்வரிசை தரைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். உள்முனையை வடிகட்டித் துணியால் சுற்றிவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே வயிறு தள்ளிய சுவரில் துளையிடும் வேலையை நீங்கள் தொடாதீர்கள். நூல் பிடித்துப் பாருங்கள்: சுவரின் இரு முனைகளிலும் நூலை இழுத்துக் கட்டினால் நடுவில் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று தெரியும். தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கூடியிருந்தால் அந்தச் சுவருக்குக் கீழே யாரும் கார் நிறுத்த வேண்டாம், பிள்ளைகள் விளையாட வேண்டாம்.

மேடு முழுவதும் சிமெண்டுத் தோல் பூசுகிறார்களே, அதற்கும் இதே விதி. மேட்டுக்குள் நீள இரும்புக் கம்பிகளை மண் ஆணியாகச் செருகி, கம்பி வலை கட்டி, வடிகுழாய் விட்டுப் பொறியாளர் சொல்லிச் செய்தால் அது பாதுகாப்பு. கொத்தனார் வெறும் சாந்தை இரண்டு விரல் கனத்துக்கு அப்பினால் மேட்டில் நடப்பதை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும் திரை மட்டும்தான் கிடைக்கும். அதைத் தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று காலியாகச் சத்தம் வந்தால் பின்னால் மண் இறங்கிவிட்டது.

அறிகுறி: மேட்டின் தலைப்பில், விளிம்புக்கு இணையாக விரிசல்

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். வெயிலில் வெடிக்கும் தரை வலைப்பின்னல் மாதிரி எல்லாத் திசையிலும் வெடிக்கும், அது பரவாயில்லை. விளிம்புக்கு இணையாக ஓடி, இரு முனைகளும் சரிவை நோக்கி வளைந்து, சரிவுப் பக்கம் அரை அங்குலமாவது தாழ்ந்திருந்தால் மண் திரள் கழன்றுகொண்டிருக்கிறது. முழங்கை ஆழத்துக்கு ஒரு கம்பி தடையில்லாமல் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

உடனடி வேலை மூன்று.

விரிசலுக்குள் மழை இறங்காமல் தடுங்கள். களிமண்ணைப் பிசைந்து உள்ளே இடித்து அடைத்து, மேலே கேன்வாஸ் போடுங்கள். விரிசலுக்கு மேற்புறம் இரண்டு மீட்டராவது தள்ளித் தொடங்கி, சரிவு முழுவதையும் மூடி, அடிக் கால்வாயில் போய் முடிய வேண்டும். கூரை ஓடு போல மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மேல் படிய வேண்டும். நேர்மாறாகப் போட்டு, தண்ணீரை ஒழுங்காக உள்ளே அனுப்பும் கேன்வாஸ்களை நெடுஞ்சாலை ஓரத்திலேயே பார்க்கலாம். மணல் மூட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுங்கள். மூட்டைகளை விளிம்பில் குவித்தால் அந்தப் பாரமும் மேட்டையே அழுத்தும்.

அடுத்தது பாரம் இறக்குவது. மேட்டின் தலைப்பில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி வரிசை, செங்கல் அடுக்கு, நிறுத்திய வேன் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அடிவாரத்தில் கிடக்கும் மண்ணை மட்டும் தொடாதீர்கள்! சரிந்து வந்த மண் அசிங்கமாக இருக்கிறது என்று அள்ளினால் மேலே நிற்பதற்கு இருக்கும் முட்டுக்கட்டையையே எடுத்துவிடுகிறீர்கள்.

பிறகு அளப்பது. விரிசலுக்கு இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளி இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, இரண்டின் தலையிலும் ஆணியால் ஒரு புள்ளி கீறி, புள்ளிக்குப் புள்ளி இரும்பு நாடாவால் அளங்கள். தினம் ஒரே நேரம், மழைக்குப் பிறகு இன்னொரு முறை. எண்ணைவிட அதன் போக்கு முக்கியம்: இன்று 1 மி.மீ., நாளை 2, மறுநாள் 5 என்று வேகம் பிடித்தால் அன்றைக்கே வெளியேறுங்கள். ஒரு மாதமாக அசையாமல் இருந்தாலும் விரிசல் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அளந்துகொண்டே இருங்கள். நிரந்தர மருந்து, அதாவது மண் ஆணி, கிடைமட்ட வடிகுழாய், கல் நிரப்பிய கம்பிக்கூடை, சரிவைப் படியாக வெட்டுவது இவற்றில் எது என்பதைத் துளையிட்டு மண்ணைச் சோதித்த பொறியாளர்தான் சொல்ல முடியும்.

அறிகுறி: அடிவாரத்தில் ஊற்று

ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் எதுவும் படியாமல் தெளிவாக இருந்தால் மேடு வடிந்துகொண்டிருக்கிறது, நல்லது. அதை அடைக்காமல் ஒரு சின்னக் கால்வாயில் விடுங்கள். மணலோ செம்மண்ணோ படிந்தால் உள்ளே மண் கரைந்து குகை விழுந்துகொண்டிருக்கிறது. அப்போதும் அடைக்கக் கூடாது. ஊற்றின் மேல் வடிகட்டித் துணி விரித்து அதன் மேல் சரளையைக் கனமாகப் பரப்புங்கள். தண்ணீர் வெளியே வரும், மண் உள்ளேயே நிற்கும். இது முதலுதவி. வைத்தியம் பொறியாளரிடம்.

அறிகுறி: கால் வைத்தால் அமுங்குகிற மண்

மேட்டின் தலைப்பில் தோட்டம் பெரிதாக வேண்டும் என்று லோரி மண்ணைக் கொட்டி, விளிம்பில் தள்ளிவிட்ட இடம் இது. அடியில் பழைய புல், மரக்கட்டை, கட்டட உடைசல் எல்லாம் புதைந்திருக்கும். அவை மக்க மக்க மண் இறங்கும். பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் நடுவே வழுக்குப் பாதை ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

மேலே எதைப் பூசினாலும் இது சரியாகாது. தோண்டி எடுத்து, கேன்வாஸ் போட்டு மூடிவைத்து, பழைய சரிவைப் படிக்கட்டாக வெட்டி, அந்தப் படிகளின் மேல் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு அடுக்கு ஒரு சாண் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுப் பலகை இயந்திரத்தால் இறுக்கிய பிறகே அடுத்தது. ஈரப்பதம் பார்க்க இயந்திரம் தேவையில்லை: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நின்று, விரலால் தட்டியதும் இரண்டு மூன்றாக உடைந்தால் பதம். பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உள்ளங்கை நனைந்து பிசுபிசுத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்; சேற்றை எவ்வளவு இடித்தாலும் இறுகாது.

சிமெண்டு கலக்கலாமா? கலக்கலாம், அதற்குரிய இடம் இதுதான். மணல் தூக்கலான நம் செம்மண்ணுக்கு எடையில் 5 முதல் 8 விழுக்காடு சிமெண்டு. களி தூக்கலான மண்ணுக்குச் சுண்ணாம்பு பொருத்தம். எது தூக்கல் என்று அறிய ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் படிவது மணல், சில மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாகவே நிற்பது களி. சிமெண்டு கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கி முடித்துவிட வேண்டும்.

சாய்வையும் அளந்துகொள்ளுங்கள், கைப்பேசியிலேயே கோணமானி இருக்கிறது. பொதுப்பணித் துறையின் வழிகாட்டியில் முட்டுக்கொடுக்காத வெட்டுச் சரிவுக்கு 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடை, அதாவது சுமார் 34 பாகை. கொட்டி நிரப்பிய சரிவுக்கு 1-க்கு 2, சுமார் 27 பாகை. உங்கள் நிரப்பு மண் 40 பாகையில் நிற்கிறதென்றால் இதுவரை வெயில்தான் காப்பாற்றியிருக்கிறது.

அறிகுறி: மரங்கள் சாய்கின்றன, அடிமரம் வளைந்திருக்கிறது

அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரம், மண் பல ஆண்டுகளாக மெதுவாக ஊர்வதைக் காட்டும். எல்லா மரமும் ஒரே பக்கம் புதிதாகச் சாய்ந்திருந்தால் அவசரம். பயத்தில் மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்து பிறகு மக்கும். அப்போதுதான் மேடு இறங்கும். கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள், அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள்.

அறிகுறி: செம்மண்ணில் உருண்டைப் பாறை துருத்துகிறது

பாறைக்கு அடியில் மண் அரித்துப் பொந்து விழுந்திருக்கிறதா என்று மட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். இருந்தால் அது உங்கள் வேலை இல்லை.

அறிகுறி: மேடு அடுத்தவர் நிலத்தில், அல்லது மேலே புதிதாக வெட்டுகிறார்கள்

2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 19இல் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் 9 பேர். இரண்டும் அக்டோபர், இரண்டும் வேலை நடந்துகொண்டிருந்த மேடு. உங்கள் வீட்டுக்கு மேலே மழைக்காலத்தில் மண்ணை வெட்டித் திறந்துபோட்டு, மூடாமல், கால்வாய் இல்லாமல் விட்டிருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மண்வெட்டு வேலைக்கு ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். தீவில் அது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்களுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம். கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருக்கும் நிலத்துக்குப் பினாங்கில் தனிக் கட்டுப்பாடே இருக்கிறது. நீங்களே பெரிதாக வெட்டப்போனாலும் இதே விதிதான்.

தனி ஆளாகப் போவதைவிடக் குடியிருப்பாளர் சங்கம் வழியாக எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிலம் இறங்குவதும் மண்சரிவும் வழக்கமான பத்திரத்தில் சேராது, கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பொறியாளர் வந்து நிற்கும்போது கையில் கொடுக்க வேண்டியவை: ஒரே இடத்தில் நின்று மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், விரிசல் அளவும் நூல் அளவும் தேதியோடு எழுதிய நோட்டு, ஒரு கைப்படம். கைப்படம் அழகாக இருக்க வேண்டாம். மேல்வீட்டுக் குழாய்கள் எங்கே முடிகின்றன, கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஈரம் முதலில் எங்கே தெரிந்தது என்று அம்புக்குறி போட்டிருந்தால் போதும். அவர் மேட்டில் ஏறி முதலில் தேடப்போவதும் அதைத்தான்.